நான் சந்தேகப்பட்டது ஆளை, கோட்டை விட்டது தேதியை

அந்தக் கூட்டத்தில் கை தட்டாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவன் நான்.

எங்கள் பயிற்சி முறையைச் சொல்லிக்கொடுக்கும் ட்ரெயினர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடுவோம். எல்லோருக்கும் ஒரே சான்றிதழ், ஒரே பாணி, உள்ளங்கையில் ஒரே இடத்தில் காய்ப்பு. அந்த வருஷம் மேடையில் ஓர் அறிவிப்பு வந்தது: இனி இன்சூரன்ஸுக்கு வெளிக் கம்பெனிகளை நம்பி இருக்க வேண்டாம், நமக்கான பொறுப்புக் காப்பீட்டை நாமே நடத்தப்போகிறோம். ஆளுக்கு ஒரு பங்குத் தொகை, வருஷா வருஷம் பிரீமியம். நம்மிடம் பயிற்சிக்கு வருபவர் யாராவது அடிபட்டு வழக்குப் போட்டால் வக்கீல் செலவும் நஷ்டஈடும் அந்த நிதியிலிருந்து போகும்.

சொன்ன காரணங்களில் நியாயம் இருந்தது. வெளிக் கம்பெனி விண்ணப்பத்தில் "கயிறு ஏறுவீர்களா, தலைக்கு மேல் எடை தூக்குவீர்களா" என்று கேள்வி வரும். ஆமாம் என்றால் பிரீமியம் ஏறும், இல்லை என்றால் பொய். அதைவிடப் பெரிய குறை, வழக்கு வந்தால் அவர்கள் சண்டை போட மாட்டார்கள். வக்கீலுக்குக் கொடுப்பதைவிட எதிராளிக்குக் கொடுத்து முடிப்பது மலிவு என்று கணக்குப் போட்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அப்படி முடித்த ஒவ்வொன்றும் "இந்தப் பயிற்சி ஆபத்தானது" என்பதற்கு இன்னொரு சாட்சியாகப் போய்ச் சேரும். நாமே நடத்தினால் நின்று வாதாடலாம். பிரீமியமும் நான் கட்டிக்கொண்டிருந்ததில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பணத்தை யார் வச்சிருப்பாங்க, கணக்கை யார் பார்ப்பாங்க?"

மேடையில் இருந்தவர் சிரித்தார். "நம்ம ஆளுங்க மேலயே சந்தேகமா மாஸ்டர்?" கூட்டமும் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுதிக் கேட்டேன். வெளித் தணிக்கையாளர் கையெழுத்திட்ட கணக்கை அனுப்பினார்கள், இரண்டு கையெழுத்து இல்லாமல் காசோலை போகாது என்பதைக் காட்டினார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. சுருட்டுகிற ஆட்கள் இல்லை என்று நிச்சயமானதும் பழைய பாலிசி முடிகிற தேதி வரை காத்திருந்து, அதை விட்டுவிட்டு இதில் சேர்ந்தேன். பெரிய புலனாய்வு செய்துவிட்ட திருப்தி எனக்கு.

இப்போது அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாக்ஸ் ஜம்ப்புக்கு, அதாவது நின்ற இடத்திலிருந்து எகிறிப் பெட்டிமேல் குதிப்பதற்கு, நாங்கள் வைத்திருக்கும் மரப்பெட்டிக்கு மூன்று உயரம் உண்டு. புரட்டிப் போடுவதைப் பொறுத்து 20 அங்குலம், 24 அங்குலம், 30 அங்குலம். தூரத்திலிருந்து பார்த்தால் 20க்கும் 24க்கும் வித்தியாசம் சட்டென்று தெரியாது. நான் நிதியில் சேர்வதற்கு நான்கு மாதம் முன்னால், காலை வகுப்பில், நாற்பதைத் தாண்டிய ஒருவர் கடைசி சுற்றில் இருந்தார். அவர் எப்போதும் 20 அங்குலத்தில்தான் குதிப்பார். முந்தைய வகுப்பில் யாரோ பெட்டியைப் புரட்டி வைத்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து "இன்னும் முப்பது செகண்ட்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். இடது ஷூ நுனி பெட்டியின் விளிம்பில் இடறியது. பின்பக்கமாக விழுந்தவர் வலது கையை ஊன்றினார். ரப்பர் தரையில் விழுந்ததால் சத்தம் பெரிதாக இல்லை. எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கை இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். உள்ளே பிளேட் வைத்தார்கள். "பரவால்ல மாஸ்டர், நான்தான் காலைச் சரியாத் தூக்கல" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். அடுத்த இரண்டு மாதம் வாரம் ஒருமுறை போன் செய்து விசாரித்தேன். ஒரு மனிதனாகச் செய்ய வேண்டியதைச் செய்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பாலிசிதாரனாகச் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அது அப்போது தலையில் உதிக்கவே இல்லை.

அவர் விழுந்து பதினான்கு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை, அவருடைய தொழில் நுணுக்கமான கைவேலை. பெட்டியைச் சரிபார்க்காதது என் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. உண்மைதானே.

பதறவில்லை. நிதிக்கு அனுப்பினேன். நான்கு நாளில் மரியாதையான பதில் வந்தது: சம்பவம் நடந்த நாளில் நான் அவர்கள் உறுப்பினர் இல்லை. பாலிசியில் "பின்னோக்குத் தேதி" என்று ஒரு வரி உண்டாம், அந்தத் தேதிக்கு முன்னால் நடந்தது எதற்கும் பொறுப்பில்லையாம். என் பின்னோக்குத் தேதி நான் சேர்ந்த நாள். சரி, சம்பவ நாளில் பழைய கம்பெனி பாலிசி உயிரோடு இருந்ததே என்று அங்கே அனுப்பினேன். அவர்கள் பதில் இன்னும் சுருக்கம். அந்த பாலிசி "க்ளெய்ம்ஸ் மேட்" வகை. பாலிசி ஓடும் காலத்துக்குள் க்ளெய்மும் வந்திருக்க வேண்டும், நானும் தெரிவித்திருக்க வேண்டும். பாலிசி முடிந்து பத்து மாதம் ஆகிவிட்டது.

ஒருநாள்கூட இடைவெளி விடாமல் இரண்டு இடத்தில் பிரீமியம் கட்டியவன் நான். நடுவில் ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. பெட்டியில் இடறி விழுந்தவர் அவர், அந்தப் பள்ளத்தில் விழுந்தவன் நான்.

என் காலை வகுப்புக்கு ஓர் அக்கா வருவார். முப்பது வருஷம் இன்சூரன்ஸில் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெட்லிஃப்டில் என்னைத் திருத்துகிற அளவுக்குக் கண்டிப்பு. இரண்டு பாலிசியையும் கொண்டுவரச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்குக்கருகில் வைத்துப் படித்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, நீங்க பாலிசி வாங்கினீங்களா, இல்ல பிரீமியம் மட்டும் கட்டினீங்களா?"

அவரிடம் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொறுப்புக் காப்பீட்டில் இரண்டு வகை. ஒன்று, சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதும், வழக்கு ஐந்து வருஷம் கழித்து வந்தாலும் அந்த வருஷத்துப் பாலிசியே ஏற்கும். இன்னொன்று, க்ளெய்ம் வருகிற நாளில் பாலிசி இருக்க வேண்டும், சம்பவமும் பின்னோக்குத் தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். முதல் வகையிலிருந்து மாறினால் பயமில்லை. இரண்டாம் வகையிலிருந்து இன்னொரு இரண்டாம் வகைக்கு மாறும்போது ஒன்று புதியவரிடம் பழைய பின்னோக்குத் தேதியை அப்படியே கேட்டு வாங்க வேண்டும், அல்லது பழையவரிடம் "வால்" காசு கொடுத்து வாங்க வேண்டும். வால் என்றால், பாலிசி முடிந்த பிறகும் சில வருஷம் க்ளெய்மைத் தெரிவிக்கும் உரிமை. வழக்குகள் உடனே வராது. கை ஆறாது என்று தெரியவே ஒரு வருஷம் ஆகும்.

இதையெல்லாம்விட என்னைச் சுட்டது இன்னொன்று. பழைய பாலிசியின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பிரிவு. பின்னால் க்ளெய்மாக மாறக்கூடிய சம்பவம் ஏதாவது நடந்தால் அதை முன்கூட்டியே எழுதித் தெரிவிக்கலாம். அப்படித் தெரிவித்துவிட்டால் வழக்கு எப்போது வந்தாலும் அந்த வருஷத்துக் கணக்கிலேயே ஏற்கப்படும். அந்த நான்கு மாதத்தில் ஒரே ஒரு ஈமெயில் போட்டிருந்தால் போதும். "இன்ன தேதி, இன்னார் விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது." பத்து வரிகூட வேண்டாம்.

நிதியில் சேரும் விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் இருந்தது: வழக்காக மாறக்கூடிய சம்பவம் எதுவும் உங்களுக்குத் தெரியுமா? "இல்லை" என்று டிக் அடித்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை. அவர்தான் பரவாயில்லை என்றாரே! அக்கா அந்த டிக்கின் மேல் விரலை வைத்து, "பின்னோக்குத் தேதி சரியா இருந்திருந்தாக்கூட இது ஒண்ணு போதும் தம்பி, கதவைச் சாத்த" என்றார்.

கடைசியில் கை முறிந்தவரை நானே போய்ப் பார்த்தேன், இரு பக்க வக்கீலுக்கும் சொல்லிவிட்டுத்தான். "உங்க மேல கோவம் இல்ல மாஸ்டர், வேலைக்குப் போக முடியல, அவ்ளோதான்" என்றார். ஒரு தொகை பேசி, ஒன்றரை வருஷத் தவணையில் என் கையிலிருந்து கட்டி முடித்தேன். அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

நிதிமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. அவர்கள் ஏமாற்றவில்லை. "நம்ம ஆளுங்க நல்லவங்களா" என்ற கேள்விக்கே என் சந்தேகம் முழுவதையும் செலவழித்துவிட்டேன். காகிதத்தைச் சந்தேகப்பட எதுவும் மிச்சமில்லை. அந்தக் கேள்வி அவர்களையும் புண்படுத்தியது, எனக்கும் உதவவில்லை. அதற்குப் பிறகுதான் அக்காவை வைத்துக்கொண்டு நிதியின் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழில்காரர்கள் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே காப்பீடு நடத்துவது கிறுக்குத்தனம் இல்லை. கப்பல் முதலாளிகள் 1855லிருந்து செய்கிறார்கள். லாப நோக்கமில்லாத பரஸ்பர கிளப்புகள். இன்று பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு உலகக் கடல் வணிகக் கப்பல்களில் பெரும்பகுதியின் பொறுப்புக் காப்பீட்டைச் சுமக்கிறது. அவர்களின் பாலிசி வருஷம் பிப்ரவரி 20 மதியம் தொடங்கும். பால்டிக் கடலில் பனி உருகிக் கப்பல் கிளம்பும் காலத்தை வைத்து வந்த வழக்கம் என்பார்கள். ஒரு தொழிலே தன் தேதிமேல் எவ்வளவு கவனமாக இருக்கிறது பாருங்கள். நான் என் தேதியைப் படிக்கக்கூட இல்லை.

ஆனால் அந்தக் கிளப்புகள் நிற்பதற்குக் காரணம் நட்பு இல்லை. ஒரு வருஷம் பணம் போதாவிட்டால் உறுப்பினர்களிடம் கூடுதலாகக் கேட்டு வாங்கும் உரிமை விதியிலேயே இருக்கிறது. ஒருவர் விலகினால் பின்னால் வரக்கூடிய பாக்கிக்காக ஒரு தொகையை வாங்கிக்கொண்டுதான் விடுவார்கள். பெரிய இழப்புகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு, அதற்கு மேலே மறுகாப்பீடும், அதாவது காப்பீடு தருபவரே தனக்கு எடுத்துக்கொள்ளும் காப்பீடும், வாங்கிவைக்கிறார்கள். எங்கள் நிதியில் "கூடுதலாகக் கேட்கவே மாட்டோம்" என்பதை ஒரு சலுகை மாதிரி அச்சடித்திருந்தார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு, "அப்ப பத்தலைன்னா எங்கிருந்து எடுப்பாங்க?" என்றார். அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

பத்தாமல் போன கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் டாக்டர்கள் தங்களுக்காக நடத்திவந்த யுனைட்டெட் மெடிக்கல் புரொடெக்‌ஷன் என்ற பெரிய அமைப்பு 2002ல் தற்காலிகக் கலைப்பு நிர்வாகியின் கைக்குப் போனது. நடந்து முடிந்து, ஆனால் இன்னும் வழக்காக வந்து சேராத சம்பவங்களுக்கு அவர்கள் போதுமான பணம் ஒதுக்கியிருக்கவில்லை. அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்துத்தான் டாக்டர்கள் தொடர்ந்து வேலை பார்க்க முடிந்தது. டாக்டர்களுக்கு அரசாங்கம் ஓடிவரும். பாக்ஸ் ஜம்ப் சொல்லிக்கொடுப்பவனுக்கு யார் வருவார்?

அந்த "வராத சம்பவம்" என்ற சொல் எனக்கு நன்றாகப் புரிந்தது. பதினான்கு மாதம் என் மணிக்கட்டுக் கதை யாருடைய கணக்குப் புத்தகத்திலும் இல்லாமல் உயிரோடு இருந்ததே. புதிதாகத் தொடங்கிய நிதி முதல் இரண்டு மூன்று வருஷம் பணக்காரனாகத் தெரியும். பிரீமியம் வந்துகொண்டே இருக்கும், க்ளெய்ம் பின்னால்தான் வரும். "மூன்று வருஷமாகப் பைசா நஷ்டமில்லை" என்று எங்கள் ஆட்கள் பெருமைப்பட்டதன் அர்த்தம் அதுதான். தணிக்கையாளர் கையெழுத்து, பணம் இருக்கிறது என்பதற்குத்தான். அது போதுமா என்று சொல்வது, வரப்போகும் இழப்பைக் கணக்கிடும் ஆக்சுவரியின் அறிக்கை. அந்த அறிக்கையை நான் கேட்கவே இல்லை.

அமெரிக்காவில் இப்படி ஒரே தொழில்காரர்கள் சேர்ந்து நடத்தும் குழுக்களுக்கென்று 1986ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களே உரிமையாளர்கள். ஒரு மாநிலத்தில் உரிமம் வாங்கிவிட்டு மற்ற மாநிலங்களிலும் நடத்தலாம். ஆனால் ஒரு நிபந்தனை: பாலிசியில் 10 பாயின்ட் எழுத்தில் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டே ஆகவேண்டும். உங்கள் மாநிலத்தின் எல்லா இன்சூரன்ஸ் சட்டங்களும் இந்தக் குழுவுக்குப் பொருந்தாமல் போகலாம், குழு திவாலானால் மாநில உத்தரவாத நிதி உதவிக்கு வராது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்கிறது என்றால், அது இல்லாதபோது எவ்வளவு சின்னதாக அச்சடித்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விதிப் புத்தகத்தில் என்னை நிறுத்தியவை இரண்டு வரிகள். ஒன்று: "க்ளெய்மை ஏற்பதும் மறுப்பதும் நிர்வாகக் குழுவின் விருப்பத்துக்கு உட்பட்டது." இந்த ஒரு சொல், "விருப்பம்", இருந்தால் அது ஒப்பந்தப்படி வரும் காப்பீடே இல்லை, குழு மனது வைத்தால் வரும் உதவி என்றார் அக்கா. இரண்டு: "பயிற்சிக் கையேட்டுக்கு மாறாக நடத்தப்பட்ட வகுப்புகளுக்குப் பொருந்தாது." கையேடு எழுதுவது அவர்கள், சான்றிதழ் கொடுப்பது அவர்கள், நான் கையேட்டை மீறினேனா என்று தீர்ப்புச் சொல்வதும் அவர்கள், தீர்ப்பு எனக்கு எதிரானால் பணம் மிச்சமாவதும் அவர்களுக்கே. நல்ல மனிதர்களைக்கூட அந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. போதாததற்கு, சான்றிதழைப் புதுப்பிக்க மறந்தால் காப்பீடும் அன்றே போய்விடும்.

இன்னொரு பயம் எங்கள் தொழிலுக்கே உரியது. வெளிக் கம்பெனி பேக்கரியையும் பஸ்ஸையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. ஒன்று சறுக்கினால் மற்றது தாங்கும். எங்கள் நிதியில் இருப்பவர்கள் எல்லோரும் அதே நாளில் அதே பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பவர்கள். புதியவரை வைத்து அளவு தெரியாமல் புல்-அப் இறக்கங்களை, அதாவது கம்பியைப் பிடித்து மெதுவாகக் கீழே இறங்குவதை, செய்ய வைத்தால் ராப்டோமயோலிசிஸ் வரலாம். தசை சிதைந்து, சிறுநீர் கோலா நிறத்தில் போய், சிறுநீரகம் வரை பாதிக்கும். கையேட்டில் ஒரு தப்பான திட்டம் வந்துவிட்டால் அது ஒரு ஜிம்மோடு நிற்காது.

இத்தனையையும் எழுதிக் கேட்டேன், இந்த முறை ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல். ஆச்சரியம், கோபப்படவில்லை. மறுகாப்பீடு இருக்கிறது என்று ஆவணம் அனுப்பினார்கள். ஒரு க்ளெய்முக்கு எந்தத் தொகைவரை நிதி தாங்கும், அதற்குமேல் யார் தாங்குவார் என்பது தெளிவாக இருந்தது. வக்கீல் செலவு பாலிசித் தொகைக்குள்ளிருந்தே கழியும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். அதாவது வழக்கு நீண்டால் நஷ்டஈட்டுக்கு மிச்சம் குறையும். "நின்று வாதாடுவோம்" என்ற வாக்குறுதியின் விலை அதுதான். பங்குத் தொகையை ஐந்து வருஷம் முடியும் முன்னால் திரும்பக் கேட்க முடியாது என்றும் சொன்னார்கள். "விருப்பம்" என்ற சொல்லைப் பற்றிய கேள்விக்கு மட்டும் "பொதுக்குழுவில் வைக்கிறோம்" என்று பதில். இரண்டு பொதுக்குழு போய்விட்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு ட்ரெயினர்மேல் போன வருஷம் வழக்கு வந்தது. ஸ்குவாட்டில் முதுகு பிடித்துக்கொண்டதாகப் புகார். நிதி அனுப்பிய வக்கீல் வீடியோவைப் பார்த்து, எந்த ரெப்பில் ட்ரெயினரே நிறுத்தச் சொன்னார், யார் நிறுத்தாமல் போனார் என்று புட்டுப் புட்டு வைத்தார். பார்பெல்லைப் பார்த்தே இராத வக்கீலுக்கு அது வராது. வழக்கு எடுபடவில்லை. அந்த ட்ரெயினர் இப்போது கூட்டத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டுகிறார். தட்டட்டும்.

நான் நிதியில் இருந்து விலகவில்லை. ஆனால் அதோடு, சம்பவம் நடந்த நாளை வைத்துப் பொறுப்பேற்கும் ஒரு சின்ன பாலிசியை வெளியிலும் வைத்திருக்கிறேன். அதை வாங்குவதற்கு முன், இரண்டு பாலிசி ஒரே க்ளெய்மில் மோதினால் யார் முதலில் கொடுப்பார் என்று இரண்டு பேரிடமும் எழுத்தில் வாங்கினேன். இல்லாவிட்டால் "அவன் கொடுக்கட்டும்" என்று இருவருமே கையைக் கட்டிக்கொள்வார்கள். ஆன்லைனில் சொல்லிக்கொடுப்பது இரண்டிலுமே இல்லை என்று தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டேன். உறுப்பினர்களிடம் வாங்கும் "என் பொறுப்பிலேயே செய்கிறேன்" என்ற கையெழுத்தை முன்பு கேடயம் மாதிரி நினைத்திருந்தேன். பெட்டியைச் சரிபார்க்காத மாதிரி என் அப்பட்டமான கவனக்குறைவுக்கு அதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

மரப்பெட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் 20, 24, 30 என்று உள்ளங்கை அளவு எழுத்தில் பெயின்ட் அடித்திருக்கிறேன். மேஜையில் ஒரு நோட்டு. யார் விழுந்தாலும், சிரித்துக்கொண்டே எழுந்து போனாலும், தேதி, நேரம், நடந்தது, பார்த்தவர் பெயர். யார் தப்பு என்பதை மட்டும் எழுத மாட்டேன், அக்கா உத்தரவு.

போன வாரம் ஒரு பெண் கயிற்றிலிருந்து கடைசி இரண்டடியை வழுக்கிக்கொண்டு இறங்கினார். உள்ளங்கையில் தோல் உரிந்தது. "ஐயோ, இதெல்லாம் ஒரு அடியா மாஸ்டர்" என்றார். மருந்து போட்டு அனுப்பிவிட்டு, அன்று ராத்திரியே இரண்டு இடத்துக்கும் எட்டு வரியில் எழுதினேன். வெளிக் கம்பெனியிலிருந்து தானியங்கி பதில் வந்தது. நிதியிலிருந்து மறுநாள் ஒருவர் கூப்பிட்டார்.

"இதுக்கெல்லாமா எழுதுவீங்க மாஸ்டர்?"

"ஆமா. பதிவு நம்பர் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.